ஃபின்லாந்து பீரியட்

ஒரு பள்ளிக்கூடத்தில் வருஷப் பாடத்திட்டம் போடுகிறார்கள் என்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்போது என்ன தெரியும், வருஷக் கடைசியில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று நாலு பேர் உட்கார்ந்து யோசிப்பார்கள் என்றுதானே? நல்ல ஆள் நீங்கள்! திண்டிவனம் பொன்னியம்மன் குளோபல் நர்சரி பிரைமரி பள்ளியில் சித்திரை பிறந்ததும் கரெஸ்பாண்டென்ட் சீனுவாசன் முதலில் காரைத்தான் எடுப்பார். விழுப்புரம், வளவனூர், கண்டமங்கலம் என்று ஒரு சுற்று சுற்றி, வழியில் இருக்கிற அத்தனை பள்ளிகளின் ஃபிளெக்ஸ் பேனரையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு திரும்புவார். அந்தப் படங்கள்தான் பாடத்திட்டம். அடுத்தவன் பேனரில் இருப்பதெல்லாம் நம் பேனரிலும் இருக்க வேண்டும், கூடவே ஒன்று அதிகமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் அவருக்குக் கல்விக் கொள்கை எதுவும் கிடையாது.

சீனுவாசன் முன்னே மனை விற்றவர். ஒலக்கூர் பக்கம் நிலக்கடலை விளைகிற மல்லாட்டைக் கொல்லைகளை வாங்கி, கல் நட்டு, ஏதாவது ஒரு நகர் என்று பேர் வைத்து விற்றார். ஒரு நகரில் மட்டும் மனை போணியாகவில்லை. அங்கேதான் பள்ளிக்கூடம் கட்டினார். கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது, தீபாவளிக்கு டீச்சர்களுக்குப் புடவை எடுத்துத் தருவார். ஆனால் பாடத்தையும் மனையைப் பார்க்கிற கண்ணாலேயே பார்த்தார். பேர் பெரிதாக இருந்தால் விலை போகும் என்பது அவர் அனுபவம்.

ஒன்றிலிருந்து ஐந்து வரை எந்த வகுப்பில் எந்த மாதம் என்ன பாடம் என்று எழுதுவது கிருஷ்ணவேணியின் வேலை. கதவில் அவள் பேருக்குக் கீழே ‘கல்வி ஒருங்கிணைப்பாளர்’ என்று போட்டிருக்கும். ஒருங்கிணைப்பதாவது ஒன்றாவது! சீனுவாசன் கொண்டுவருகிற படங்களையெல்லாம் பீரியடுகளுக்குள் திணிக்க வேண்டும், மூட்டையில் இடமில்லாமல் துணி திணிக்கிற மாதிரி. போன வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு அபாகஸ், ரோபோடிக்ஸ், மேடைப்பேச்சு, ஐ.ஏ.எஸ். ஃபவுண்டேஷன், குதிரையேற்றம் எல்லாம் இருந்தன. குதிரை புதுச்சேரியிலிருந்து வர வேண்டும். வந்தது, இரண்டு தடவை. இரண்டாம் தடவை அது கரெஸ்பாண்டென்ட்டின் காலை மிதித்துவிட்டது. அதற்கப்புறம் குதிரையேற்றம் தியரியாக நடந்தது.

இதையெல்லாம் கிருஷ்ணவேணி சகித்துக்கொண்டுதான் இருந்தாள், மாசி மாதம் வரைக்கும். பேனரில் ‘வெளியுலக அனுபவம்’ என்று ஒரு வரி இருந்த பாவத்துக்கு, மூன்றாம் வகுப்பை அவள் விழுப்புரத்துக்கு அழைத்துப் போனாள். ரயில் பார்த்தார்கள், ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில், “நம்ம ஊரு பஸ்ஸ யாரு மொதல்ல கண்டுபுடிக்கிறீங்க பாப்போம்?” என்று விளையாட்டாய்க் கேட்டாள்.

கோகுலகிருஷ்ணன் என்று ஒரு பையன். ரோபோடிக்ஸில் கோப்பை வாங்கியவன். உலகத்துத் தலைநகரங்களை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். அவன் ராஜா மாதிரி நடந்துபோய் ஒரு பஸ்ஸில் ஏறினான். மொத்த வகுப்பும் அவன் பின்னாலேயே ஏறியது. அது திருவண்ணாமலை பஸ். பலகையில் தமிழிலும் எழுதியிருந்தது, இங்கிலீஷிலும் எழுதியிருந்தது.

“ஏண்டா இதுல ஏறுன?”

“வரும்போது மஞ்ச பஸ்லதான மிஸ் வந்தோம்? இதுவும் மஞ்சதான்.”

கண்டக்டர் பல்லைக் குத்திக்கொண்டே எட்டிப் பார்த்தார். “என்னா மேடம், இங்கிலீஷ் மீடியம் புள்ளைங்களா? போர்டு படிக்கக்கூடவா சொல்லித் தரல?”

கிருஷ்ணவேணிக்கு மானம் போயிற்று. திரும்பி வருகிற வழியெல்லாம் ஒவ்வொரு பிள்ளையாய் ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, கடைப் பலகைகளைப் படிக்கச் சொன்னாள். பாதிக்கு மேல் முழித்தன. படித்ததுகளும் பக்கத்துப் படத்தைப் பார்த்துத்தான் சொல்லின. டயர் படம் போட்டிருந்தால் டயர் கடை. ஒன்றிலும் இரண்டிலும் தினமும் ஒரு மணி நேரம் இவர்களை உட்காரவைத்து எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்திருந்தால் இந்தக் கதி வந்திருக்காது. அடுத்த வருஷத் திட்டத்தில் வேறு எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ஒரு மணி நேரத்தை வாங்கியே தீர்வது என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

சித்திரையில் கூட்டம் கூடியது. ஏசி அறை, ஆளுக்கொரு பாதாம் பால். சீனுவாசன் செல்போனைத் தள்ளித் தள்ளிப் படம் காட்டிக்கொண்டிருந்தார். கிருஷ்ணவேணி இடையில் புகுந்தாள்.

“சார், ஒண்ணாங்கிளாஸுக்கும் ரெண்டாங்கிளாஸுக்கும் தெனம் மொத ஒரு மணி நேரம் வாசிப்பு மட்டும் வைக்கணும் சார்.”

“வாசிப்புன்னா?”

“படிக்கிறது சார். எழுத்துக்கூட்டி, சத்தமா.”

சீனுவாசன் சிரித்தேவிட்டார். “வெளையாடுறீங்களா மேடம்? ஸ்கூலுன்னாலே படிக்கிறதுதான? அதப் போயி பேனர்ல போட முடியுமா? ஓட்டல் வாசல்ல ‘இங்க சோறு கிடைக்கும்’னு போர்டு வச்சா எவனாவது வண்டிய நிறுத்துவானா? ஃபிரைட் ரைஸு, சிக்கன் ரைஸுன்னு போட்டாத்தான் நிறுத்துவான்.”

“நம்ம கிட்ட சோறே வேகல சார்.”

“பேஜாரு பண்ணாதீங்க மேடம். வளவனூர்க்காரன் ஒண்ணாங்கிளாஸுக்கு ஏ.ஐ. போட்டுக்கினு இருக்கான். நமக்கு அதுக்கு பீரியட் எங்க இருக்குதுன்னு ஜல்தியா பாருங்க.”

செவிடன் காதில் ஊதிய சங்கு. கிருஷ்ணவேணி பாதாம் பாலைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள், பேனரில் பிழை இருக்கிறதா என்று பார்த்து வரச் சொல்லி அவளை மேம்பாலத்துக்குக் கீழே இருக்கிற ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பினார் சீனுவாசன். திட்டம் இன்னும் எழுதவேயில்லை, பேனர் தயாராகிவிட்டது! அதுதான் அங்கே முறை. கடையில் வெற்றிச்செல்வன் என்கிற இளைஞன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, பாடத்திட்டம் எல்லாம் அவன் கைவண்ணம். எள் என்றால் எண்ணெயாய் நிற்கிற பிள்ளை. ஒரு பள்ளிக்கூடத்துப் பாடங்களை அப்படியே எடுத்து இன்னொரு பள்ளிக்கூடத்துப் பேருக்குக் கீழே ஒட்டிவிட்டு, மேலே ஒரு நீலக் கண் வெள்ளைக்காரப் பிள்ளையை உட்காரவைப்பான். சித்திரை வெயிலில் அந்தப் பிள்ளை கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு சிரிக்கும்.

“மேடம், கீழ ஒரு கட்டம் காலியா நிக்குது. எதனா சொல்லுங்க, போட்டுடலாம்.”

கிருஷ்ணவேணி திரையில் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தாள். “ஒண்ணு, ரெண்டாம் வகுப்புகளுக்கு தினமும் ஒரு மணி நேரம் வாசிப்பு. போடு தம்பி.”

“எந்த நாட்டு மாடல் மேடம்?”

“நாடு எதுக்குப்பா? படிக்கிறதுக்கு எந்த நாடு வேணும்?”

“சும்மா போட்டா நிக்காதுங்க மேடம்.” வெற்றிச்செல்வன் வியாபாரம் தெரிந்தவன். “ஜப்பான கண்டமங்கலத்துல எடுத்துக்கினாங்க. சிங்கப்பூரு வளவனூருக்குப் போயிடுச்சி. ஃபின்லாந்து ஒண்ணுதான் இன்னும் யாரும் கேக்கல. போட்டுடட்டா?”

ஃபின்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று கிருஷ்ணவேணிக்கு நிச்சயமாய்த் தெரியாது. கோகுலகிருஷ்ணனைக் கேட்டால் தலைநகரம் சொல்லுவான். ஆனால் திருவண்ணாமலை பஸ் கண்முன்னே வந்து நின்றது. பொய்தான், இருந்தால் இருக்கட்டும், யாருக்கு என்ன கெட்டுப்போகப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

“போடு,” என்றாள்.

அட, அந்த ஒரு கட்டம் செய்த வேலை! பேனர் ஏறியதும் பெற்றோர்கள் வந்து குவிந்தார்கள். சீனுவாசனுக்கு வாயெல்லாம் பல். “இம்மாம் பெரிய விஷயத்த மனசுக்குள்ளயே வச்சிக்கினு இருந்தீங்களே மேடம்! வாசிப்பு, வாசிப்புன்னா எனக்கு என்னா புரியும்? ஃபின்லாந்துன்னு சொல்லக் கூடாது?” ஃபின்லாந்திலிருந்து டீச்சர் வருவார்களா என்று ஒரு தகப்பன் கேட்டதற்கு, “அங்கருந்தே ஆன்லைன்ல பாத்துக்கினு இருப்பாங்க” என்று கூசாமல் அடித்துவிட்டார்.

கிருஷ்ணவேணி வருஷத் திட்டத்தை எழுதினாள். காலையில் முதல் மணி நேரம் வாசிப்பு. எழுதும்போதே மனசு குளிர்ந்தது. சீனுவாசன் ஒரே ஒரு திருத்தம் சொன்னார். “படிக்கிறதெல்லாம் ஃபின்லாந்துலயே வந்துடுதே மேடம். அப்பறம் தமிழ் பீரியடும் இங்கிலீஷ் பீரியடும் எதுக்கு தண்டமா? அதுல ஏ.ஐ.யும் மேடைப்பேச்சும் போட்டுக்கலாம்.” அந்தப் பீரியடுகளில் இதுவரைக்கும் என்ன கிழித்தார்கள், கரும்பலகையைப் பார்த்துக் காப்பியடித்ததுதானே, போனால் போகட்டும் என்று அவளும் கையெழுத்துப் போட்டாள். கேட்டது கிடைத்த சந்தோஷத்தில் எதைக் கொடுக்கிறோம் என்று பார்க்கிற புத்தி யாருக்குத்தான் இருக்கிறது?

ஜூனில் பள்ளி திறந்தது. ஒன்றாம் வகுப்பு டீச்சர் கலைப்பிரியா கெட்டிக்காரி. பிஸ்கட் உறை, சீயக்காய்ப் பாக்கெட், பஸ் பேர் எழுதிய அட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் பாடமாக்கினாள். முதல் மணி நேரத்தில் அந்தப் பக்கம் போனால் காது கொள்ளாத சத்தம். ‘ப’னாவையும் ‘ல்’லையும் சேர்த்துப் ‘பல்’ என்று தானாய்ச் சொன்ன அன்றைக்கு ஷாலினி என்கிற பெண் பிள்ளை தன் பல்லையே தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சிரித்தது. கிருஷ்ணவேணி ஜன்னலுக்கு வெளியே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதற்காக எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று தோன்றியது.

ஆடி மாதம் பெற்றோர் வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்தது. ஃபின்லாந்து முறைக்குத் தனிக் கட்டணம். கட்டாதவர்களின் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் வேறு அறையில் வண்ணம் தீட்டும் பயிற்சி.

கிருஷ்ணவேணி சீனுவாசன் அறைக்கு ஓடினாள். “என்னா சார் இது? அது படிக்கிற பீரியட் சார்!”

“உக்காருங்க மேடம். ஃபின்லாந்துன்னு பேரு வச்சிட்டு சும்மா குடுத்தா எவன் மதிப்பான்? காசு வச்சாத்தான் நல்ல சரக்குன்னு நம்புவான். அதெல்லாம் சந்தோஷமாக் கட்டிக்கினு இருக்காங்க.”

“கட்ட முடியாதவங்க? கட்டாயக் கல்விச் சட்டத்துல ஃபீஸ் இல்லாம சேந்த புள்ளைங்க?”

“அவங்களுக்கு சட்டத்துல என்னா உண்டோ அதக் குடுத்துக்கினுதான இருக்கோம்? சட்டத்துல ஃபின்லாந்து இல்லயே மேடம்.”

“சார், ஃபின்லாந்தும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! வெறும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறது சார் அது. நான் வெளியவே சொல்லிடுவேன்.”

சீனுவாசன் கோபப்படவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “சொல்லுங்க. எல்லாரும் வந்து காசத் திருப்பிக் கேப்பாங்க. அப்பறம் எந்த மூஞ்சிய வச்சிக்கினு அந்த பீரியட நடத்துறது? எடுத்துட்டு அங்கயும் குதிரைய வச்சிடுவேன். ஒருத்தருக்கும் கிடைக்காது. ஒங்க ஐடியா மேடம் இது, நீங்களே கெடுத்துக்காதீங்க. ஆண்டு விழால ஒங்களுக்குப் பொன்னாடை போத்தலாம்னு இருக்கேன்.”

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். இவள் பிடித்த குரங்குக்குப் பொன்னாடை வேறு. வாயைத் திறந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் போய்விடும், மூடிக்கொண்டால் சில பிள்ளைகளுக்கு மட்டும் போகும். கிருஷ்ணவேணி மூடிக்கொண்டாள். அப்படி மூடிக்கொண்டதற்காகத் தன்னைத்தானே மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டாள்.

அந்த வாரமே வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஒரு அறையில் சத்தம், பக்கத்து அறையில் அமைதி. அமைதியான அறையில் பிள்ளைகள் மயிலுக்கும் மாம்பழத்துக்கும் வண்ணம் தீட்டின. படத்துக்குக் கீழே பேர் அச்சடித்திருந்தது. அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, திட்டத்தில் அது இல்லை. ஷாலினி அந்த அறையில் இருந்தாள்.

ஒரு சாயங்காலம் ஷாலினியின் அம்மா துர்கா வந்தாள். மல்லாட்டை உடைக்கிற மில்லில் வேலை. தலைமுடியெல்லாம் கடலை ஓட்டின் தொப்பித் தூள். உள்ளே கூப்பிட்டும் வராமல் அறை வாசலிலேயே நின்றாள்.

“டீச்சர், கோச்சிக்காதீங்க. அந்த ஃபின்லாந்துக்குக் கட்டச் சொல்லி போன்ல வந்துச்சாம், பக்கத்து வூட்ல படிச்சிச் சொன்னாங்க. எங்களால ஆவாதுங்க.”

“பரவால்லம்மா,” என்றாள் கிருஷ்ணவேணி.

“அதெல்லாம் பெரிய எடத்துப் புள்ளைங்களுக்கு. நம்மளுக்கு எதுக்குங்க ஃபின்லாந்து? நான் அதுக்கு வர்ல.” துர்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எம் பொண்ணுக்கு சும்மா எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும் கத்துக் குடுத்துடுங்க டீச்சர். அது போதும். எனக்குத்தான் பஸ் போர்டுகூடப் படிக்கத் தெரியாது, யாரையாவது கேட்டுக் கேட்டே ஏறிக்கினு இருக்கேன். அதுக்கும் அப்டி ஆயிடக் கூடாது.”

“சரிம்மா,” என்றாள் கிருஷ்ணவேணி. சுலபமாக வந்துவிட்டது அந்த வார்த்தை.

துர்கா கையெடுத்துக் கும்பிட்டாள். ராத்திரி ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று வேகமாய் நடந்து போனாள். கிருஷ்ணவேணி சுவரில் ஒட்டியிருந்த ஒன்றாம் வகுப்பின் வருஷத் திட்டத்தைத் திங்களிலிருந்து வெள்ளி வரைக்கும் விரலால் தடவிப் பார்த்தாள். ஏ.ஐ. இருந்தது, மேடைப்பேச்சு இருந்தது, குதிரையேற்றம் இருந்தது. ஃபின்லாந்தை விட்டால் ஒரு பிள்ளைக்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிற பீரியட் அதில் ஒன்றுகூட இல்லை. திட்டம் போட்டவள் அவள்தான்.