மொட்டை மாடித் தமிழர்கள்

எங்கள் காலனியில் தமிழர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கும் நிலைமை தமிழ்ச் சங்கத்துக்கு போன பிப்ரவரியில் வந்தது. சங்கத்தின் ஹாலுக்கு நிலம் கொடுத்த அலுவலகம் கடிதம் போட்டிருந்தது. காலனியில் வசிக்கும் தமிழர் முப்பது பேராவது உறுப்பினராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹால் போய்விடும். பதினைந்து நாள் அவகாசம்.

இணைச் செயலாளர் என்ற முறையில் ராஜாராமனாகிய நான் எண்ணினேன். ஒருவர்தான் தேறினார். அது நான்.

ஒரு காலத்தில் தலைநகரின் புசா ரோடை ஒட்டி வரிசையாக எங்கள் வீடுகள்தான். எல்லாரும் சர்க்கார் குமாஸ்தாக்கள். காலையில் ஒரே பஸ்ஸில் போய், மாலையில் ஒரே பஸ்ஸில் திரும்பி, ஒரே கடையில் காப்பிப்பொடி வாங்கியவர்கள். பிறகு பில்டர்கள் வந்தார்கள். எங்களவர்கள் வீட்டைக் கொடுத்துவிட்டு துவாரகா, நொய்டா என்று கிளம்பினார்கள். அவர்கள் விட்டுப்போன இடங்களில் நாலு மாடி, லிஃப்ட், கீழே ஆளுக்கு இரண்டு கார். டைல்ஸ் வியாபாரிகளும் கோச்சிங் சென்டர் முதலாளிகளும் குடிவந்தார்கள். என் வீடு தப்பியதற்குக் கொள்கை காரணமில்லை, அண்ணன் தம்பி வழக்கு இன்னும் முடியவில்லை.

செயலாளர் ராமமூர்த்தியும் போய்விட்டார். குருகிராமில் மகன் மாதவ் வீட்டில், பதினாறாவது மாடியில் இருந்துகொண்டு சங்கத்தை நடத்திவந்தார். அதற்கு அடுத்த மாதம் அவருடைய சதாபிஷேகம். நாற்பது வருடம் ஆண்ட ஹாலில்தான் அது நடக்க வேண்டும் என்று பத்திரிகையே அடித்துவிட்டார். எண்ணிக்கையைச் சொன்னதும் போனில் இடிந்துபோனார்.

"நன்னாப் பாரும் ஓய். தமிழ் பேசறவா ஒருத்தருமா இல்லை?"

"இருக்கா சார். எல்லாரும் மொட்டை மாடியில இருக்கா."

உண்மைதான். ஒவ்வொரு புதுக் கட்டடத்திலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வேலைக்காரர்களுக்கு ஓர் அறை உண்டு. நாலா எனும் சாக்கடைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் குடிசை போட்டிருந்த கள்ளக்குறிச்சிக்காரர்கள், குடிசைகளை இடித்தபின் அறையோடு கிடைத்த வேலைகளாகப் பார்த்துச் சேர்ந்துவிட்டார்கள். ராமமூர்த்தியின் பழைய விலாசத்தில், அவர் வீட்டு மாமரக் கிளை தொங்கிய இடத்துக்கும் மேலே, இப்போது வசிப்பவள் சந்திரம்மாள். மூன்றாம் மாடி மேடத்துக்குச் சமைக்கிறாள்.

"அவாளையெல்லாம் சேர்த்துக்கும் ஓய். ஜல்தி," என்றார் ராமமூர்த்தி. சமத்துவம் இவ்வளவு வேகமாகப் பரவி நான் பார்த்ததில்லை.

ஏழு கட்டடங்களில் படியேறினேன். வேலைக்காரர்கள் லிஃப்டில் போகக் கூடாதாம். என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார் காவலாளி. முப்பத்திரண்டு பேர் வருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

ஞாயிறன்று பொதுக்குழு. ராமமூர்த்தி எல்லாரையும் "வாங்கோ, வாங்கோ" என்று நாற்காலியில் உட்காரவைத்தார். படிவத்தை நீட்டியதும் சந்திரம்மாள் கையெழுத்துப் போடவில்லை.

"மொதல்ல சட்டத்தப் படிச்சுக் காட்டட்டும் சார். எம் பொண்ணு படிப்பா."

மகள் முத்துமாரி புசா ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ராமமூர்த்தியின் பேத்தி மேதாவுக்குத் தன் பெயரைத் தமிழில் எழுத வராது. முத்துமாரி நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

"விதி ஏழு. காலனி எல்லைக்குள் வசிக்கும் தமிழர் மட்டுமே உறுப்பினர். வசிப்பிடம் மாறினால் உறுப்பினர் தகுதியும் பதவியும் அன்றே முடிவுறும்."

இருபத்தைந்து வருடம் முன்பு ராமமூர்த்தியே எழுதிய விதி. நாலாவுக்கு அந்தப் பக்கத்தவர்கள் உறுப்பினராகிவிடக் கூடாது என்று மூன்று இரவு உட்கார்ந்து, ஓட்டையே இல்லாமல் எழுதினார். அன்று நாங்கள் கைதட்டினோம்.

"நீங்க எங்க சார் இருக்கீங்க?" என்று கேட்டாள் முத்துமாரி. மரியாதையாகத்தான் கேட்டாள். ராமமூர்த்தி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

முப்பத்திரண்டு கையெழுத்தும் விழுந்தன. ஹால் பிழைத்தது. சந்திரம்மாள் செயலாளர் ஆனாள். நான் உள்ளூர்வாசி என்பதாலும் டைப் அடிக்கத் தெரியும் என்பதாலும் பழைய பதவியிலேயே இருக்கிறேன்.

மறுவாரம் குருகிராமிலிருந்து ராமமூர்த்தியின் விண்ணப்பம் வந்தது. சதாபிஷேகத்துக்கு ஒருநாள் ஹால் வேண்டும். வாழ்நாளில் முதல்முறையாக 'தயவுசெய்து' என்று எழுதியிருந்தார்.

சந்திரம்மாள் ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து மஞ்சளாகிப்போன தாள் ஒன்றை எடுத்தாள். மூத்த பையனின் காதுகுத்துக்கு அவள் ஹால் கேட்டபோது சங்கம் கொடுத்த பதில். கீழே ராமமூர்த்தியின் கையெழுத்து. அடித்தது நான். 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.' அவன் காதுகுத்து கடைசியில் நாலா ஓரம் தார்ப்பாய்க்குக் கீழே நடந்தது.

"இதே மாதிரி ஒண்ணு அடிங்க சார். பேர மட்டும் மாத்திக்கங்க."

அடித்தேன். 'பரிசீலனையில்' என்ற வார்த்தை வந்தபோது வெட்கமாக இருந்தது. முதல்தடவை அடித்தபோது அப்படி எதுவும் இருந்ததாக ஞாபகமில்லை.