செல்வி லுண்டும் திருமதி பெர்க்கும்

ஒஸ்லோவில் எங்கள் ரெனிஸ் கழகத்துக்கு இந்தக் கோடையில் நூற்றிருபது வயது. செயலாளர் எட்வேட் ஒரு நினைவு மலர் வெளியிடுகிறார், ஒரு போட்டியும் நடத்துகிறார். கலப்பு இரட்டையர் ஆட்டத்துக்கு ஆரபி என்னைக் கேட்காமலே எங்கள் இருவரின் பெயரையும் கொடுத்துவிட்டாள்.

ஆரபி என் மனைவி துஷ்யாவின் தங்கை. துஷ்யா இறந்து ஒன்றரை வருடம். கலப்பு இரட்டையரை நானும் துஷ்யாவும்தான் ஆடுவோம். அதற்குப் பிறகு நான் ரக்கெற்றைத் தொடவில்லை.

மறுக்க ஒரு காரணம் தேவைப்பட்டது. மலருக்குக் கட்டுரை எழுதுகிறேன், நேரமில்லை என்றேன். எட்வேட் மகிழ்ந்துபோய், கழகத்தின் முதல் வீராங்கனைகளை என் தலையில் கட்டினார்.

செல்வி சிக்ரிட் லுண்ட் எளிதாக அமைந்தார். 1908இல் ஆடத் தொடங்கியவர். கணுக்கால்வரை பாவாடை, தலையில் தொப்பி. 1911இல் கழகக் கிண்ணம் வென்றார். போட்டியிட்டவர்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் மழைக்குப் பயந்து வரவில்லை. 1914க்குப் பிறகு பழைய செய்தித்தாள்கள் எதிலும் அவர் பெயர் இல்லை. ‘அத்துடன் அவருடைய ஆட்டம் முடிந்தது’ என்று எழுதினேன். அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த பத்தி திருமதி பெர்க். 1920இல் வந்தவர். முதல் ஆட்டத்திலேயே 6–0, 6–0 என்று தோல்வி. ‘அனுபவமற்றவர், ஆனால் ஆர்வமுள்ளவர்’ என்று எழுதினேன்.

வியாழன் மாலை ஆரபி வந்தாள். மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி வாசித்தாள். பழைய செய்தித்தாள்களிலிருந்து நான் எடுத்து வைத்திருந்த இருவரின் படங்களையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“அத்தான், உங்கடை அனுபவமில்லாத ஆளுக்கு எத்தினை வயசு?”

“தெரியேல்லை.”

“லுண்ட் எங்கை போனவ?”

“விளையாட்டை விட்டிட்டா.”

“விட்டவவோ?” ஆரபி சிரித்தாள். “வடிவாப் பாருங்கோ. ரெண்டு பேரும் இடக்கை. ரெண்டு பேரும் சேர்வ் போடேக்கை நாக்கை நீட்டினம். ரெண்டும் ஒரு ஆள்.”

பார்த்தேன். நாக்கு இரண்டு படத்திலும் வாயின் ஒரே ஓரத்தில் இருந்தது.

“கலியாணம் கட்டினா பேர் மாறாதோ? எனக்கே வரிக் கந்தோரிலை ஒரு பேர், பாஸ்போட்டிலை ஒரு பேர், கோயில் அர்ச்சனையிலை ஒரு பேர். ஒஸ்லோவிலை இருக்கிற தமிழன் விடுற பிழையோ இது?”

புதிய பெயரில் தேடினேன். 1914இல் திருமண அறிவித்தல். 1918இல் மரண அறிவித்தல்: பொறியியலாளர் பெர்க், ஸ்பானியக் காய்ச்சல். அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் அந்தத் தோல்வி.

ஆரபி சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

“இதைக் காட்டி எனக்குப் புத்தி சொல்லாதை” என்றேன்.

“புத்தியோ? பூச்சியத்துக்குத் தோத்த மனிசி. அவவைக் காட்டி ஆருக்கு என்ன புத்தி சொல்லலாம்?”

“பிறகாவது வெண்டவவோ?”

“தேடுங்கோ. எழுத்தாளர் நீங்கள்.”

1921இல் தோல்வி. 1922இல் தோல்வி. 1923இல் ஒரு வெற்றி, எதிராளிக்குக் கால் சுளுக்கியதால். 1931வரை பெயர் வருகிறது. கடைசிவரை வேறொரு கிண்ணமும் இல்லை. ஏன் திரும்பி வந்தார் என்று எந்தப் பத்திரிகையும் கேட்கவில்லை.

‘அத்துடன் முடிந்தது’ என்ற வரியை அழித்தேன்.

“நாளைக்கு எட்வேட்டுக்குப் பதில் சொல்லவேணும். எங்கடை பேரை வெட்டச் சொல்லவோ?” என்று ஆரபி கேட்டாள். இந்த முறை என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இருக்கட்டும்” என்றேன். “ஆனால் நான் வலைக்குக் கிட்ட வரமாட்டன்.”

“எப்ப வந்தனீங்கள்? அக்காதானே அங்கை ஓடித் திரிஞ்சவ. நீங்கள் பின்னாலை நிண்டு ‘சொறி, சொறி’ எண்டு மன்னிப்புக் கேப்பியள்.”

அது உண்மை.

சனிக்கிழமை எங்களுக்கு எதிராக அறுபது வயதைத் தாண்டிய பல்வைத்தியரும் அவர் மனைவியும். முதல் செற் 6–0. இரண்டாவதில் 5–0. அப்போது நான் அடித்த பந்து ஒன்று மூலைக் கோட்டில் விழுந்தது. பல்வைத்தியர் வெளியே என்று கையைக் காட்டினார்.

“உள்ளே” என்றேன்.

அவர் புன்னகைத்தார். நான் புன்னகைக்கவில்லை. எதிர்ப்பக்கம் போய்ச் செம்மண்ணில் பந்து பதிந்த இடத்தைக் காட்டினேன். குனிந்து பார்க்கச் சொன்னேன். என் குரல் அடுத்த மைதானத்துக்கும் கேட்டிருக்கும். அங்கேயும் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

எட்வேட் வந்தார். “ஐந்துக்குப் பூச்சியம். இது அவ்வளவு முக்கியமா?” என்று கேட்டார்.

“ஓம்” என்றேன், அவருக்குத் தமிழ் தெரியாது என்பதையும் மறந்து.

ஆரபி தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எட்வேட் முழங்காலில் நின்று தடத்தைப் பார்த்தார். புள்ளியை எங்களுக்குத் தந்தார்.

அடுத்த இரண்டு புள்ளிகளையும் இழந்தோம். ஆட்டம் 6–0, 6–0 என்று முடிந்தது.