மூன்றாவது கைப்பிடி

நவம்பர் முதல் தேதி உச்சிப்பொழுதில் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். அதற்குள் மேசையில் அவரவருக்குப் பிடித்ததை எடுத்து வைத்துவிட வேண்டும். அதனால் அன்று காலை மலைநகரம் லா பாஸின் சந்தையில் எள் போட்டால் எள் விழாது. யுங்காஸ் காட்டு வாழைத்தார், கொச்சபம்பா சோளம், மேட்டுநிலப் பனியில் உறையவைத்துக் காயவைத்த கறுப்புக் கிழங்கு என்று நாடு முழுக்க ஒரே தெருவில் வந்து குந்தியிருந்தது.

கிழங்குக் கடை பிரிமித்தீவாவுக்குக் கை வியாபாரத்தில், கண் எதிர்க்கடையில். அங்கே நின்று வாங்கிக்கொண்டிருந்தது மக்காரியோ. அவளுடைய பழைய வாடிக்கைக்காரி லெயோகாடியாவின் புருஷன்!

விற்கிறவளும் வாங்குகிறவளும் ஒருவரையொருவர் ‘கசேரா’ என்று கூப்பிட்டுக்கொண்டால் அது தாலி கட்டாத கல்யாணம். அப்புறம் வேறு கடையில் வாங்கக் கூடாது. பதினெட்டு வருஷம் சனிக்கிழமை தவறாமல் வந்த லெயோகாடியா, மூன்று மாதமாகத் தலைகாட்டவில்லை. இப்போது புருஷனையே எதிரிக் கடைக்கு அனுப்பிவிட்டாளா? பிரிமித்தீவாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்ன அண்ணே, எங்க கடைத் தராசுக்குப் பல்லு முளைச்சுக் கடிக்குதா? உங்க பொண்டாட்டி எங்கே, மூஞ்சியக் காட்ட வெக்கமா?”

மக்காரியோ அப்படியே நின்றுவிட்டார். அவர் பையிலிருந்து பூத்தண்டோடு வெங்காயம் நீட்டிக்கொண்டிருந்தது. ஆவி திரும்பிப் போகிற வழியில் குடிக்க, அந்தத் தண்டில்தான் தண்ணீர் கொண்டுபோகும். புதிதாகச் சாவு விழுந்த வீட்டார்தான் அதை முதலில் தேடி வாங்குவார்கள். பிரிமித்தீவா அவரைக் கைகாட்டித் தன் கடைக்கு வரவழைத்தாள்.

“யாருக்கு அண்ணே?”

“லெயோகாடியாவுக்கு. ஆகஸ்டுல போயிட்டா.”

“அடிப்பாவி மகளே! நீங்களாவது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அண்ணே?”

“இங்க வந்தா ‘எங்கே என் கசேரா’ன்னு கேப்பே. வாயத் தொறந்து சொல்லணும். எதிர்க்கடைக்காரிக்கு எங்களத் தெரியாது. அவ எதுவும் கேக்கல, தங்கச்சி.”

பிரிமித்தீவா சால்வை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழ நேரமில்லை, மணி பத்தரை. அவர் பையைப் பிடுங்கி உள்ளே பார்த்தாள்.

“இவ்ளோ பெரிய கிழங்கா? இத அவ தொடவே மாட்டாளே! சுண்டுவிரல் நுனி அளவு இருந்தாத்தான் எடுப்பா. சோளம் மஞ்சளா? அவளுக்கு வெள்ளைதான். இதையெல்லாம் வச்சா, வந்தவ வீடு மாறிட்டோம்னு திரும்பிப் போயிடுவா!”

“முப்பது வருஷம் அவ சமைச்சதத் தின்னேன்,” என்றார் மக்காரியோ. “உனக்கு என்ன புடிக்கும்னு ஒரு நாள் கேட்டதில்ல. இன்னிக்கும் தப்பாப் போயிடுமோன்னு பயமா இருக்கு.”

“நான் இருக்கேன்ல, பேசாம நில்லுங்க.”

சாக்கை மடியில் கவிழ்த்துப் பொடிக் கிழங்காகப் பொறுக்கினாள். பக்கத்துக் கடையில் சோளத்தை மாற்றி வந்தாள். வாடிக்கைக்காரர்கள் கத்தினார்கள். கத்தட்டும்.

“எவ்ளோ போடணும் அண்ணே?”

“அரைக் கிலோ போதும். இனி நான் ஒத்தை ஆளுதானே.”

நிறுத்துப் போட்டாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

“கொசுறு கேக்காமப் போறீங்களே! அவ பாத்தா உங்களச் சும்மா விடுவாளா?”

வாழ்நாளில் கடையில் கொசுறு கேட்டறியாத மனுஷன். கூச்சத்தோடு தொப்பியைக் கழற்றி நீட்டினார்.

“கொசுறு போடு... கசேரா.”

பிரிமித்தீவா ஒரு கைப்பிடி போட்டாள். இரண்டாவது போட்டாள். பதினெட்டு வருஷமாக லெயோகாடியா மூன்று கைப்பிடி கேட்டுச் சண்டை பிடிப்பாள். இவள் இரண்டோடு நிறுத்திவிடுவாள். சனிக்கிழமைதோறும் சிரிப்பும் திட்டுமாக நடந்த சண்டை.

மூன்றாவது கைப்பிடியை அள்ளினாள். அவசரத்தில் பாதி சிந்தியது. மறுபடி அள்ளிப் போட்டாள்.

“நீ ஜெயிச்சிட்டேன்னு அவகிட்ட சொல்லிடுங்க அண்ணே,” என்றாள். “ஓடுங்க, மணியாச்சு.”