தொழில்: குடும்பத் தலைவி

குடியுரிமை அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் படித்து முடித்த வக்கீலம்மா, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

எதிரே மூன்று நாற்காலிகள். நடுவில் மூத்தார், அதாவது கணவனின் அண்ணன், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் கணவன். மறுபக்கம், விண்ணப்பம் யாருடையதோ அவள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். மூத்தாருக்கு அவள் மனத்துக்குள் வைத்திருந்த பெயர் சபாநாயகர். அந்த வீட்டில் அவர் அனுமதி இல்லாமல் யாரும் பேச முடியாது. அனுமதி கேட்டாலும் கிடைக்காது.

"விண்ணப்பத்துல தொழில்னு கேட்ட இடத்துல குடும்பத் தலைவின்னு இருக்கு. வரி ஆபீஸ்ல விசாரிச்சா வேலைக்குப் போறதா இருக்கு. எது நிஜம்?" என்றார் வக்கீலம்மா. கேள்வி அவளைப் பற்றி, பார்வை மூத்தார்மேல்.

"அது ஒண்ணுமில்ல மேடம்..." என்று தொண்டையைச் செருமினார் சபாநாயகர்.

"எட்டு வருஷமா வேலைக்குப் போறேன்," என்றாள் அவள். "வீட்டுல சும்மா இருக்கேன்னு யார் சொன்னது?"

முன்னறையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது. மூத்தார் குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவா பேசும்மா. வெளிய டைப் அடிக்குதே, அது நம்ம சம்பந்தி வீட்டுப் பொண்ணு. இங்க சொன்னா அங்க போயிடும். நம்ம வீட்டுக்கு வந்த பொண்ணு நோயாளிங்க படுத்த துணியை அலசுதுன்னு நாலு பேர் பேசணுமா? அதான் அப்படிச் சொல்லி வச்சேன். பெரிய கொலைக் குத்தமா?"

கேட்டதும் அவளுக்குக் காதுமடல் எரிந்தது. சம்பந்தி வீட்டுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அரசாங்கத்திடம் பொய். பொய்க்கு அடியில் அவள் கையெழுத்து. விண்ணப்பம் எழுத இதே அறைக்கு வந்த அன்றைக்கு, "நீ வெளிய உக்காரும்மா, நாங்க பேசிக்கிறோம்" என்று முன்னறைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அண்ணனும் தம்பியும் உள்ளே போனார்கள். எல்லாம் முடிந்த பிறகு கூப்பிட்டார்கள். மூத்தார் விரல் வைத்த இடத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

"இதனால என்ன ஆகும் மேடம்?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சே பொய் சொன்னதா எடுத்துக்கிட்டா தள்ளுபடிதான். அப்புறம் ரொம்ப வருஷத்துக்கு மறுபடி போடவே முடியாது."

இந்த நாட்டில் அவள் இருப்பதே கணவனின் பெயரைத் தொற்றிக்கொண்டுதான். அவன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தன் காலில் நிற்க அவளுக்கு இருந்தது இந்த ஒரு வழி.

"தகவல் சொன்னது நான்தான், அவங்களுக்குத் தெரியாதுன்னு இவர் பிரமாணம் எழுதிக் கொடுத்தா சமாளிக்கலாம்," என்றார் வக்கீலம்மா.

"நான் எதுக்கு மாட்டிக்கணும்? கையெழுத்து அவளோடது," என்றார் மூத்தார். பிறகு முகம் மலர்ந்தது. "ஒண்ணு செய்யலாம். இன்னியோட வேலையை விட்டுடட்டும். விண்ணப்பத்துல இருக்கறது நிஜமாயிடுமே!" தன் மூளையைத் தானே மெச்சிச் சிரித்தார்.

அவள் எழுந்து, மூத்தார் பக்கம் திரும்பி நின்றாள்.

"அத்தான், வெளிய போய் உக்காருங்க."

"என்னது?"

"அன்னிக்கு என்னை உக்கார வச்சீங்களே, அந்தப் பெஞ்சு. காலியாத்தான் இருக்கு. நாங்க பேசிக்கிறோம்."

"டேய், உன் பொண்டாட்டி பேசறதைக் கேட்டியா?"

கணவன் தரையில் எதையோ தொலைத்தவன்போல் குனிந்திருந்தான். தம்பி நிமிரமாட்டான் என்று தெரிந்ததும் மூத்தார் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வெளியே போனார்.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "விண்ணப்பம் எழுதின அன்னிக்குக் காலைல என்னைச் சலவைக்கூட வாசல்ல இறக்கி விட்டீங்க. சாயங்காலம் இங்க உக்காந்து, நான் வீட்டுல இருக்கேன்னு அவர் சொன்னதைக் கேட்டீங்க."

"அண்ணன் பேசும்போது நடுவுல எப்படி..."

"இப்ப அவர் பேசலை. நடந்ததை எழுதிக் கொடுங்க."

அவன் கதவைப் பார்த்தான். அவள் அந்தப் பார்வைக்குக் குறுக்கே வந்து நின்றாள். பேனாவை எடுத்தான்.

"நீங்களும் எழுதணும் மேடம். என்னை ஒரு வார்த்தை கேக்கலைன்னு."

வக்கீலம்மாவின் முகம் சிவந்தது. "அப்படி எழுதினா என் பேர் என்னம்மா ஆகறது?"

"உங்களுக்குப் பேர்தான் போகுது. எனக்கு நாடே போகுது."

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு டைப் அடிக்கும் பெண்ணைக் கூப்பிட்டார். அந்தப் பெண் உள்ளே வந்ததும், இவள் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, வெளியே பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்: "ஆஸ்பத்திரி சலவைக்கூடம்னு பெரிய எழுத்துல அடிம்மா. உங்க வீட்டுல கேட்டாலும் தாராளமா சொல்லு."

குடியுரிமை அலுவலகத்தில் நேர்காணல் நாளன்று, கணவனோடு மூத்தாரும் ஒன்றுமே நடக்காததுபோல் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அவள் பெயரைக் கூப்பிட்டதும் அவரும் எழுந்தார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே அதிகாரி இரண்டு பிரமாணங்களையும் புரட்டினார். "அப்போ உங்க வேலை என்ன?"

வக்கீலம்மா வாயைத் திறந்தார். "நான் சொல்றேன் மேடம்," என்று தடுத்தாள் அவள். துணி வரும் கதவிலிருந்து மடித்து அனுப்பும் கதவு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். பொய் யாருடையது, ஏன் சொல்லப்பட்டது என்பதையும் சொன்னாள். சொல்லச் சொல்லக் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை. அதிகாரி குறுக்கே பேசாமல் கேட்டார். திருத்தத்தை ஏற்றுக்கொண்டு, விண்ணப்பத்துக்கு ஒப்புதல் எழுதினார்.

வெளியே வந்ததும் மூத்தார், அவள் தலைக்கு மேலாக வக்கீலம்மாவைக் கேட்டார். "என்ன மேடம் சொன்னாங்க?"

"அவங்களையே கேளுங்க."

மூத்தார் அவள் பக்கம் திரும்பினார். கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"கூட வேலை செய்யறவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க," என்றாள் அவள் கணவனிடம். "முதல்ல அங்க போய்ச் சொல்லணும். நீங்க ரெண்டு பேரும் வீட்டுல இருங்க."