தவளைக்கரட்டில் ஒரு பூட்டு

மற்றவர்கள் ஒரு மலைக்குப் போய் வந்தால் ஏறியாச்சு என்பார்கள். நாங்கள் மூன்று பேரும் பூட்டியாச்சு என்போம். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைக்காரன் ஒருவன் கூட்டாளியாக இருந்தால் இப்படித்தான் பேச்சு வரும். அந்தப் பட்டறைக்காரன் நான், ராயப்பராஜ்.

மதியழகன் ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிறவன். அக்பர் அலி இரும்புக்கடையில் ஆணி நிறுத்துப் போடுகிறவன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் எப்படியாவது லீவு வாங்கிவிடுவோம். நான் சர்ச்சில் முதல் பூசை பார்த்துவிட்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவேன். டவுன் பஸ் எதுவரை போகிறதோ அதுவரை போய் இறங்கி, கண்ணுக்கு எதிரே எந்தக் கரடு தெரிகிறதோ அதில் ஏறுவோம். பஸ்ஸுக்கும் டீக்கும் இருந்தால் போதும். வேன் பிடித்துக் கொடைக்கானலுக்குப் போய் ஏரியைச் சுற்றி வந்துவிட்டு மலைக்குப் போனோம் என்று பீற்றிக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்கு அப்போதும் எரிச்சல், இப்போதும் எரிச்சல். வத்தலக்குண்டு தாண்டாமலே எத்தனை மலை கிடக்கிறது, ஒன்றிலாவது அவர்கள் கால் பட்டிருக்குமா?

சோறு அவரவர் வீட்டிலிருந்து வரும். என்னுடையது புளிச்சோறு, மதியுடையது எலுமிச்சைச் சோறு. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் எப்போதும் அக்பர் வீட்டுக் கத்திரிக்காய். டிக்கெட் எடுக்கிற வேலை என்னுடையது. மூன்று விரலைக் காட்டினால் போதும். சாணார்பட்டி ரோட்டில் ஓடும் வண்டியின் கண்டக்டர் ஒருவர் எங்களைப் பார்த்ததுமே, கேட்காமலே மூன்று டிக்கெட் கிழித்துவிடுவார்.

பூட்டு வந்தது 1996இல். முதல் தடவை சிறுமலைப் பக்கம் ஏறியபோது என் சட்டைப் பையில் பட்டறையில் கழித்துப்போட்ட ஒரு பொடிப் பூட்டு கிடந்தது. உச்சியில் ஒரு மரக்கிளையைச் சுற்றி அதைப் பூட்டிவிட்டு அக்பர் சாவியைப் பள்ளத்தில் எறிந்தான். இனி இந்த மலை நம்மளது, எவனும் தெறக்க முடியாது என்றான். சும்மா விளையாட்டுக்குச் செய்ததுதான். பிறகு அதுவே சட்டமாகிவிட்டது. ஏறிய மலையில் பூட்ட வேண்டும், பூட்டியதும் சாவியை எறிந்துவிட வேண்டும், மூவரும் இல்லாமல் பூட்டக் கூடாது. மூன்று வருஷத்தில் பதினொரு மலைகளைப் பூட்டியிருந்தோம்.

பூட்டாமல் மிச்சம் வைத்திருந்தது தவளைக்கரடு. சாணார்பட்டி போகிற வழியில் பஸ் ஜன்னலுக்கு நேராகத் தெரியும். பெரிய உயரம் இல்லை. ஆனால் மொட்டைப் பாறை, ஒரு பக்கம் செங்குத்து. உச்சியில் கார்த்திகைத் தீபம் ஏற்றுகிற இரும்புக் கம்பம் ஒன்று நிற்கும். பன்னிரண்டாவது அதுதான் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். சின்ன வயதிலிருந்து பார்த்த மலை. என் அக்கா ஜெயமேரியைச் சாணார்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்ததால் அந்த ரோட்டில் போகாத மாதம் கிடையாது.

1999 ஐப்பசியில் சிறுமலையில் ஓர் ஓடையைத் தாண்டும்போது மதி பாசியில் வழுக்கினான். நான் எட்டி அவன் கையைப் பிடித்தேன். அவன் மேலே நின்றுவிட்டான், நான் கீழே போய்விட்டேன். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்து, தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். என்னைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் இறங்கினார்கள் இருவரும். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. மறக்க முடிந்திருந்தால் பின்னால் அத்தனை வலித்திருக்காது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மதி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.

"ராயப்பா, நீ எந்திரிச்சு வார வரைக்கும் தவளைக்கரட்டுல எங்க கால் படாது. மொத மிதி ஒன்னோடதுதான். இது சத்தியம்டா."

அம்மா இல்லாத வீட்டில் எனக்கு யார் சோறு போடுவது? அக்கா தன் வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டாள். ஜன்னலோரம் கட்டில். ஜன்னலுக்கு வெளியே கடலைக்காடு, அதற்கு அப்பால் தவளைக்கரடு. காலையில் கண் விழித்தால் அது, மத்தியானம் புரண்டு படுத்தால் அது. மாவுக்கட்டுக்குள் கால் அரிக்கும்போதெல்லாம் நான் மனதுக்குள் அந்தப் பாறையில் எங்கே கால் வைத்து எங்கே கை பிடிப்பது என்று ஏறிக்கொண்டிருப்பேன். கொஞ்சம் பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அது இல்லாவிட்டால் அந்தக் கட்டிலை விட்டு நான் எழுந்திருக்கவே மாட்டேன்.

மார்கழியில் மதி வந்தபோது, தன் மச்சான் புதுக்கடை போட்டிருக்கிறான், ஷட்டருக்கு ஒரு நல்ல பூட்டு வேண்டும் என்றான். பட்டறையிலிருந்து சாமான்களை வரவழைத்துக் கட்டிலில் உட்கார்ந்தபடியே செய்தேன். ஏழு லீவர் பூட்டு, உள்ளே இருக்கும் ஏழு நாக்குகளையும் சாவி சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் திறக்கும். ஒவ்வொரு லீவரையும் கையால் அரம் போட்டுத் தேய்த்தேன். கால்தான் போச்சு, கை போகவில்லை என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. சாவித் துவாரத்துக்குக் கீழே என் அடையாளமாக ஒரு கூட்டல் குறி குத்தினேன். அவன் எவ்வளவோ சொல்லியும் காசு வாங்கவில்லை.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் என்னைப் பார்க்க வந்தார்கள். சட்டையெல்லாம் வியர்வை. பேண்ட் அடியில் நாயுருவி அப்பியிருந்தது. பஸ்ஸை விட்டுவிட்டு வயல் வழியாக நடந்தே வந்தோம் என்றார்கள். என்னைப் பார்க்க இவ்வளவு தூரம் நடந்தார்களே என்று எனக்கு ஒரே சந்தோஷம். கட்டிலிலிருந்து குனிந்து மதியின் பேண்டில் ஒட்டியிருந்த நாயுருவியை ஒவ்வொன்றாக நானே பிய்த்துப் போட்டேன். அன்று காலை கரட்டு உச்சியில் கம்பத்துக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நின்றதைப் பார்த்தேன், எனக்குப் பொறாமையாக இருந்தது என்று அவர்களிடம் சொன்னேன்.

அக்பர் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தான். மதி ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தான்.

"ஆடு மேய்க்கிறவய்ங்களா இருக்கும்" என்றான்.

நான் அதையும் நம்பினேன்.

கட்டுப் பிரித்த பிறகு நடக்கப் பழக எனக்கு ஒரு வருஷம் ஆனது. முதலில் கக்கத்துக் கட்டை, பிறகு கைத்தடி. திண்டுக்கல் திரும்பியதும் விடியற்காலையில் மலைக்கோட்டைப் படிகளில் ஏறிப் பழகினேன். முதல் நாள் பதினைந்து படி ஏறிவிட்டு உட்கார்ந்து அழுதேன். மறு வருஷம் மாசியில் கோட்டை உச்சிவரை போய்விட்டேன். அன்றைக்கே அக்பர் கடைக்குப் போய், வருகிற ஞாயிறு தவளைக்கரடு என்றேன். அவன் கையிலிருந்த தராசுத் தட்டு சாய்ந்தது. மதியைக் கேட்டால், வருகிற ஞாயிறு வத்தலக்குண்டில் நிச்சயதார்த்தம், அதற்கு அடுத்த ஞாயிறு போகலாம் என்றான். சரி, ஒரு வாரம்தானே என்றேன்.

அடுத்த ஞாயிறு போனோம். கண்டக்டர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மூன்று டிக்கெட் கிழித்தார். என் பையில் ஒரு புதுப் பூட்டு இருந்தது.

இருவரும் என்னை முன்னால் விட்டுப் பின்னால் வந்தார்கள். மொத மிதி ஒன்னோடதுடா என்று மதி இரண்டு தடவை சொன்னான். செங்குத்துப் பாறைக்கு வந்ததும், எங்கே கால் வைப்பது என்று நான் தேடுவதற்குள் அக்பர் இடப்பக்கம் ஒரு வெடிப்பு இருக்கு, அங்கன பிடி என்றான். கீழே நிற்கிறவனுக்கு அந்த வெடிப்பு எப்படித் தெரிந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கால் நடுங்கியது. தகடு இருக்கிற இடம் எரிந்தது. ஆனாலும் ஏறினேன்.

உச்சிக்குப் பத்தடி இருக்கும்போது ஒரு வேப்பங்கன்று. மதி அங்கேயே நின்றான்.

"இங்கனயே பூட்டிருவோம் மாப்ள. அது சாமி கம்பம், அதுல வேணாம்."

சாமி கம்பமா? முனியப்பன் கோயில் வேலிக் கம்பியில் பூட்டியவர்கள் நாங்கள், அதுவும் இவன் சொல்லித்தான். ஐந்து மாதம் கட்டிலில் கிடந்து நான் பார்த்தது கம்பத்தையா, வேப்பங்கன்றையா? சிரித்துக்கொண்டே அவனைத் தாண்டி மேலே போனேன். காற்று அடித்தது. கீழே கடலைக்காட்டுக்கு நடுவில் அக்கா வீட்டு ஓடு தெரிந்தது. நான் கைத்தடியை உயர்த்திக் கத்தினேன். அந்த ஒரு நிமிஷம்தான் எனக்குக் கிடைத்தது.

தீபக் கம்பம் என்றால் அடியில் சட்டிக் கயிறு கட்ட ஒரு கனமான வளையம் இருக்கும். அதைக் காணவில்லை. அந்த இடத்தில் கற்கள் குவிந்து கிடந்தன. தடியால் தள்ளினேன். செத்த நேரம் உக்காருடா, அப்புறம் பார்ப்போம் என்று பின்னாலிருந்து அக்பர் சொன்னான். கற்களுக்கு அடியில் ஒரு பழைய துணி, துணிக்குள் அந்த வளையத்தில் மாட்டிய ஒரு பூட்டு. லேசாகத் துருப் பிடித்திருந்தது. சாவித் துவாரத்துக்குக் கீழே கூட்டல் குறி.

என் கையால் செய்ததை எனக்குத் தெரியாதா? பூட்டின் வளையத்தில் புதிதாக ஒரு கீறல் மின்னியது. ரம்பத்தால் அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். நூலளவுதான் இறங்கியிருந்தது. பாறை இடுக்கில் உடைந்த ரம்ப பிளேடு கிடந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன், அந்த நேரத்திலும் என் பூட்டை நினைத்து எனக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகுதான் புரிந்தது. நாயுருவி, ஆடு மேய்க்கிறவர்கள், மச்சான் கடை ஷட்டர், வத்தலக்குண்டு நிச்சயதார்த்தம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை ஏறியிருக்கிறார்கள். முதல் தடவை பூட்டுவதற்கு, இரண்டாவது தடவை பூட்டியதை மறைப்பதற்கு. பழக்க தோஷத்தில் சாவியை எறிந்துவிட்டதால் திறக்க முடியவில்லை.

நான் உட்கார்ந்துவிட்டேன். மதிதான் பேசினான். ஆஸ்பத்திரியில் டாக்டர் தன்னை வெளியே கூப்பிட்டு, இந்தக் கால் இனி மலை ஏறாது, நடந்தாலே பெரிய காரியம் என்று சொன்னாராம். அதை எப்படி என்னிடம் சொல்வது என்று விட்டுவிட்டானாம்.

"அதுக்கு? நான் ஏறலன்னா நீங்க ஏறணுமா? சத்தியம் பண்ணச் சொல்லி நானா கேட்டேன்?"

"ஒனக்காகத்தான்டா வந்தோம். நீ வர முடியாட்டியும் நீ செஞ்ச பூட்டாவது இங்க இருக்கட்டும்னு. ஒம் பேரச் சொல்லித்தான் பூட்டுனோம், சாவிய எறிஞ்சோம்."

அவன் பொய் சொல்லவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதுதான் என்னைக் கொன்றது. ஆசைப்பட்டு ஏறினோம், தப்புத்தான் என்று சொல்லியிருந்தால் இரண்டு அறை அறைந்துவிட்டுச் சோற்றைப் பிரித்திருப்பேன்.

"கல்லறைத் திருநாளுக்குச் செத்தவங்களுக்கு மெழுகுவத்தி ஏத்துவோம். அத எனக்கு ஏத்திட்டு, நேரா கீழ வந்து எங்கிட்டயே தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கீங்க. நான் அந்த ஜன்னல்ல உசுரோடதானடா கெடந்தேன்."

மதி அழ ஆரம்பித்தான். ஆஸ்பத்திரியில் அழுத அதே அழுகை. கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீ நெனச்சா ஒரு கம்பிய வச்சே தெறந்துருவ. தெறந்து தூர எறிஞ்சிரு மாப்ள. புதுசா பூட்டுவோம். இதுதான் மொதத் தடவைன்னு வச்சுக்கிருவோம்."

உண்மைதான். ஏழு லீவரும் எந்த உயரத்தில் நிற்கும் என்று என் விரலுக்குத் தெரியும். அக்பர் அதற்குள் பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து நீட்டிவிட்டான். கொண்டுவந்தே இருக்கிறான். நான் கம்பியை வாங்கவில்லை.

"தெறக்கத் தெரியும். தெறக்க மாட்டேன். சாவிய எறிஞ்சது நீங்க."

துணியை மறுபடி சுற்றினேன், கற்களை எடுத்து முன்போலவே அடுக்கினேன். என் புதுப் பூட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு இறங்கினேன். இறங்குவதுதான் கஷ்டம். செங்குத்துப் பாறையில் மதி தோளைக் கொடுத்தான். நான் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தேன். பேண்ட் கிழிந்தது. என்னைத் தாண்டிப் போக அவர்களுக்குத் தைரியம் இல்லை. நான் நகர்கிற வேகத்துக்கு, நின்று நின்று பின்னால் வந்தார்கள். சோற்றுப் பொட்டலங்களை யாரும் பிரிக்கவில்லை.

ரோட்டுக்கு வந்தபோது காலையில் வந்த அதே வண்டி திரும்பி வந்தது. நான் முன்படியில் ஏறி டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவர்கள் பின்படியில் ஏறி, வழக்கமாக நாங்கள் உட்காரும் கடைசி சீட்டுக்குப் போனார்கள். கண்டக்டர் என்னிடம் வந்து, மலை எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டே மூன்று டிக்கெட் கிழித்து நீட்டினார்.

அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கு மட்டும் சில்லறை கொடுத்தேன். அவர் மீதி இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அவங்க உங்க கூட வந்தவங்கதான?"

"இல்ல" என்றேன்.