கேட்பதற்கு மட்டும் ஒரு கம்பி

ஃபிரெடியின் பன்றி ரேடியோ கேபிளைக் கவ்விக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் மின்சே கையிலிருந்த சுத்தியலோடு ஓடினாள். பன்றி கேபிளைப் போட்டுவிட்டு வேலியோரம் ஒதுங்கியது. கறுப்பு உறையில் பல் பதிந்திருந்தது. செம்பு வெளியே தெரியவில்லை. தப்பித்தது.

"மரவள்ளிக்கிழங்குன்னு நெனச்சிருக்கும். அதுக்கு என்ன தெரியும்?" என்றான் ஃபிரெடி.

"உன் பன்றியும் எனக்கு எதிரி, உன் மீன் பெட்டியும் எனக்கு எதிரி."

"அதான் கம்பி போட நெலத்தையே விட்டுக் குடுத்துட்டேனே. இன்னும் என்ன?"

அது உண்மைதான். இந்த மழைக்காலத்துக்கு முன்புதான் பக்கத்து வீட்டுக்காரனான அவன் சூரைமீன் வைக்கப் பெரிய குளிர்பெட்டிகள் வாங்கிப்போட்டு, கூரை முழுக்கச் சூரியத் தகடுகளைப் பரப்பியிருந்தான். அன்றிலிருந்து மின்சேயின் ரேடியோவில் அவை கிளப்பும் இரைச்சல்தான். தகர ஓட்டில் மழை கொட்டுவதுபோல ஓயாத இரைச்சல். அணைக்கச் சொல்லிச் சண்டை போட்டாள். மீன் அழுகினால் உன் புருஷன் வந்து வாங்கிக்கொள்வானா என்று அவன் திருப்பிக் கேட்டான்.

புருஷன் யோப்பி எங்கேயும் வரமுடியாத இடத்தில் இருந்தான். அவர்கள் ஊரான சௌம்லாக்கியின் துறைமுகத்திலிருந்து ஒரு பகலும் ஓர் இரவும் கப்பலில் போனால் வரும் தீவில் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தீவில் போன் எடுக்காது. அவனுக்கும் அவளுக்கும் அமெச்சூர் ரேடியோ உரிமம் இருந்தது. முதன்முதலில் ஒருவர் குரலை ஒருவர் கேட்டதே ரேடியோவில்தான். அந்த வேலைக்குப் போகவேண்டாம் என்று அவள் சொன்னாள், அவன் போனான். துறைமுகத்தில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அந்தக் கோபம் இன்னும் பேசித் தீரவில்லை.

தினமும் மாலை அவள் கூப்பிடுவாள். அவள் பேசுவது தீவில் தெளிவாகக் கேட்டது. பேட்டரியில் ஓடும் அவனுடைய மெல்லிய குரல்தான் இங்கே இரைச்சலில் முங்கிப்போனது. குப்பாங் ஊர்ப் பல் டாக்டர் மார்க்குஸின் ரேடியோவுக்கு வலு அதிகம். நடுவில் இருந்து அவர்தான் எடுத்துச் சொல்வார்: "மின்சே, யோப்பி நல்லா இருக்காராம். ஓவர்." தினமும் அதே ஒரு வரி. கோபமாகச் சொன்னானா, சிரித்துக்கொண்டு சொன்னானா, பல் டாக்டர் குரலில் எதைக் கண்டுபிடிப்பது?

மார்க்குஸ்தான் வழியும் சொன்னார். "கூரை மேல இருக்கிற கம்பி பேசறதுக்கு இருக்கட்டும். கேக்கறதுக்கு வேற கம்பி போடு. வீடுங்கள விட்டுத் தள்ளி, தரையோட தரையா. பெட்டிக்குப் பின்னாடி அதுக்குன்னு தனி ஓட்டை இருக்கு பாரு. ஆனா ரெண்டு கம்பியும் பக்கத்துல பக்கத்துல இருக்கக்கூடாது. நீ பேசறப்ப உன் சத்தமே உள்ள பூந்து பெட்டியக் கருக்கிடும்."

தள்ளி இருந்த இடம் ஃபிரெடியின் பன்றிக் கொல்லை ஒன்றுதான். வெட்கத்தை விட்டுக் கேட்டாள். அவன் தலையைச் சொறிந்துவிட்டு வேலிக் கதவைத் திறந்துவிட்டான். புல்லின் மேல் சதுரமாகக் கம்பியைப் படுக்கவைத்து, மூலைகளில் முளையடித்து, அங்கிருந்து வீடுவரை கேபிளை இழுத்து வந்தாள். இன்றைக்கே முடிந்தாக வேண்டும். நாளைக் காலை தீவுக்குச் சரக்குக் கப்பல். அதை விட்டால் அடுத்தது மூன்று மாதம் கழித்துத்தான். அதில் தனக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருந்தாள். போவதா வேண்டாமா என்பதை அவன் குரலைக் கேட்காமல் எப்படி முடிவுசெய்வது?

வெயில் சாயும்போது பெட்டியைத் திருப்பினாள். பின்னால் இரண்டு துளைகள், நடுவே குட்டியாக ஓர் இணைப்பு வயர். அதைப் பிடுங்கிவிட்டுக் கொல்லையிலிருந்து வந்த கேபிளைச் செருகினாள். ஃபிரெடி தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். ஒலிவாங்கியை எடுத்துக் கூப்பிட்டாள். "யோப்பி, நாளைக்குக் கப்பல் கெளம்புது. நான் வரவா, வேணாமா? நீயே சொல்லு. ஓவர்."

ஹெட்போனில் ஒரு சத்தமும் இல்லை. இரைச்சல்கூட இல்லை.

"செத்துப்போச்சா?" என்றான் ஃபிரெடி.

அவள் பெட்டியை முகர்ந்து பார்த்தாள். கருகிவிட்டதா? குனிந்து துளைகளுக்கு மேலிருந்த பொடி எழுத்தைப் படித்தாள். உள்ளே வரவேண்டிய கேபிளை வெளியே போகும் துளையில் செருகியிருக்கிறாள். கேபிளை உருவி அடுத்ததில் அழுத்தினாள்.

மழை விட்டதுபோல இருந்தது. அந்த அமைதிக்குள் எங்கோ ஒருவர் கனைத்தார், எங்கோ மோர்ஸ் தட்டினார்கள், இத்தனைக்கும் நடுவில், பாதி வாக்கியத்தில், அவன்.

"...வான்னு சொல்ல வாய் வரலடி. இங்க கெணத்துத் தண்ணி உப்பு. காத்து ராத்திரியெல்லாம் கதவப் போட்டு ஒடைக்குது. உனக்குக் கேக்காதுங்கிற தைரியத்துலதான் தெனமும் ஒளர்றேன். அன்னிக்கு நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னியே, நான் கப்பல்லேருந்து குதிச்சிருக்கணும். பெரிய இவனாட்டம் கைய ஆட்டிக்கிட்டு வந்தேன். முட்டாப்பய. நீ வந்தா நல்லா இருக்கும். எப்படி வான்னு சொல்லுவேன்? மார்க்குஸ், வழக்கம்போல நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிடுங்க. ஓவர்."

மார்க்குஸ் தொண்டையைச் செருமினார். "மின்சே, யோப்பி நல்லா இருக்காராம். ஓவர்."

அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ஃபிரெடிக்குப் புரியவில்லை. ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மார்க்குஸ் அண்ணே, இத்தன நாளா இவ்வளவையும் கேட்டுக்கிட்டா ஒத்த வரி சொன்னீங்க?"

"பல்லப் பிடுங்கறவன்கிட்ட ரகசியம் தங்கும்மா," என்றார் அவர். "நான் வெலகிக்கிறேன்."

"யோப்பி," என்றாள். "கேட்டுச்சு. முழுசாக் கேக்கல, பாதிதான். வாய் வரலங்கறதுலேருந்து கேட்டுச்சு. மீதிய எனக்கு மறுபடி சொல்லு. நாளைக்குக் கப்பல் ஏறி நேர்ல வந்து கேக்கறேன். ஓவர்."

ஹெட்போனில் ஒரு சொடுக்கு. அவன் பேசும் பொத்தானை அழுத்திவிட்டான்.

"என்ன சொல்றான்?" என்றான் ஃபிரெடி.

அவள் ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் திருப்பி அவன் காதோரம் பிடித்தாள். இருவரும் தலையோடு தலை ஒட்டிக் கேட்டார்கள். யோப்பி மூச்சை இழுத்து விடும் சத்தம். அதற்கும் பின்னால், விளக்குக் கோபுரத்தைச் சுற்றிக் கூடு திரும்பும் கடற்பறவைகள் நூறு நூறாகக் கத்திக்கொண்டிருந்தன.