இருபத்தைந்தாவது ஒலிபெருக்கி

ஐந்தாம் பிளாட்பாரத்துத் தூணில் ஏணியைச் சாய்த்து, ஏழாவது படியில் நின்றபடி ஒலிபெருக்கியில் காதை ஒட்டவைத்திருந்தாள் சின்னவள். இடது கையில் போன். கீழே போன ஒருவர் ஏணியில் சூட்கேஸை இடித்துவிட்டு, தப்பு ஏணியுடையது என்பதுபோல் அதை முறைத்தார்.

"பேசுங்க அத்தான்."

"என்னத்தப் பேச?" என்றது போன்.

"எதையாவது. அன்னிக்குச் சொன்னத மட்டும் சொல்லிடாதீங்க. இன்னொரு கூட்டம் ஓடும்."

அடுத்த விநாடி ஒலிபெருக்கி அவள் காதுக்குள் முழங்கியது. "பயணிகள் கவனத்திற்கு. இது ஒரு சோதனை அறிவிப்பு." அட்சரம் பிசகவில்லை. காதைத் தேய்த்துக்கொண்டே இறங்கினாள். இருபத்து நான்காவது ஒலிபெருக்கி. மற்ற இருபத்து மூன்றையும் போலவே நன்றாக வேலை செய்தது.

அதுதான் சிக்கல்.

ஒன்பது நாளுக்கு முன் காலையில், பத்து நாற்பத்தேழுக்கு இரண்டாம் பிளாட்பாரத்தில் வரவேண்டிய ரயில் ஐந்தாம் பிளாட்பாரத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. அறிவிப்பு வரவில்லை என்று நூற்றுக்கணக்கானவர்கள் சொன்னார்கள். எதிர்த் தண்டவாளத்தில் ரயில் நுழைவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மேம்பாலப் படியில் ஏறி ஓடினார்கள். நெரிசலில் பதினோரு பேருக்குக் காயம்; ஓர் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிவு.

அன்று மைக்கில் இருந்தவர் பத்தொன்பது வருட சர்வீஸ்காரர். குரலுக்காக எல்லோரும் வைத்த பெயர் வெண்கலம். சின்னவளின் அக்கா வீட்டுக்காரர். "ரெண்டு தடவ சொன்னேன். பத்து நாப்பத்தொன்னுக்கு ஒரு தடவ, நாப்பத்துமூணுக்கு ஒரு தடவ" என்பதை அவர் ஒன்பது நாளாகச் சொல்லிவருகிறார். பதிவுக் கருவி வாங்கும் கோப்பு மூன்று வருடமாக மேஜை மாறிக்கொண்டிருந்ததால், அதற்குச் சாட்சி அவர் வாய் மட்டும்தான். இன்று மாலை நான்கு மணிக்கு அவருடைய பணிநீக்க உத்தரவில் கையெழுத்து ஆகும்.

ஸ்டேஷனின் நெட்வொர்க்கைப் பராமரிக்கும் கம்பெனியில் சின்னவள் பொறியாளர். விசாரணை அதிகாரி கேட்டதால் கம்பெனி அவளை அனுப்பியிருந்தது. சோதனைக்காக வெண்கலத்துக்கு அரை மணி நேரம் மைக்கும் கிடைத்தது. அரை மணி முடிந்தபோது மணி ஒன்றேகால்.

போன் அடித்தது. அக்கா.

"என்னடி, ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"எல்லாம் நல்லா வேலை செய்யுது."

"அப்ப நல்லதுதானே?"

"இல்லக்கா. நல்லா வேலை செஞ்சா அத்தான் பேசலன்னு ஆயிடும்."

மறுமுனையில் குக்கர் விசிலடித்தது. "அந்த மனுஷன் தூக்கத்துலகூட ரயில் வருதுன்னு சொல்றவரு. அவரா சொல்லாம இருந்திருப்பாரு?" என்றாள் அக்கா.

"உன் தலையணைய சாட்சிக்குக் கூப்பிட முடியாது. வெச்சிடு."

கருவி அறை முதல் பிளாட்பாரத்தின் கோடியில் இருந்தது. நிலைய மேலாளரே வந்து திறந்துவிட்டார். இடுப்புப் பட்டையிலிருந்து சங்கிலியோடு சாவி வெளியே வந்தது. சட்டை மடிப்பில் கைவைத்தால் விரல் வெட்டும்.

"மொத்தம் ரெண்டே சாவி மேடம். ஒன்னு உங்க கம்பெனில. இன்னொன்னு இது. குளிக்கப் போனாலும் என்கூடதான் வரும். ஒருத்தர் கையில குடுத்ததில்ல."

"கம்பெனி சாவி நாலு மாசமா சீல் வெச்ச கவர்ல இருக்கு சார்."

"இருக்கணும். அதான் ஒழுங்கு."

ஜன்னல் இல்லாத அறை. குளிர்காற்றும் விசிறிகளின் இரைச்சலும். இரும்பு அடுக்கில் பச்சை விளக்குகள் சிமிட்டின. மூலையில் காலி அட்டைப்பெட்டிகள் இடுப்புயரத்துக்கு அடுக்கப்பட்டு, மேலே ஒரு பழைய கம்பளி நாலாக மடித்துப் போடப்பட்டிருந்தது. கம்பளியில் படகு வடிவத்தில் பழுப்பாக ஒரு கறை. சின்னவள் அதன் மேல் மடிக்கணினியை வைக்கப் போனாள்.

"அதுல வேணாம், தூசி," என்று மேலாளர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டார். அதற்குள் யாரோ கூப்பிட, வெளியே போய்விட்டார்.

மைக் அறையிலிருந்து வந்த வெண்கலம் வாசலிலேயே நின்றார். ஒன்பது நாளில் ஒன்பது வயது கூடியிருந்தது.

"எனக்கு ஒரு சந்தேகம் சின்னவளே. நான் பேசுறது இருபத்து நாலு இடத்துக்கும் தனித்தனியாவா போகுது?"

"இல்ல அத்தான். நீங்க பேசுறது ஒரே ஒரு பிரதியாதான் கிளம்புது. மேல ஒரு நம்பர் எழுதியிருக்கும். இருநூத்து முப்பத்தொம்பதுல ஆரம்பிக்கும். அந்த நம்பர்ல எந்தக் கருவியும் கிடையாது."

"ஆளில்லாத வீட்டுக்கு எழுதுன லெட்டரா?"

"வீடு இல்ல, குழு. 'இந்த நம்பருக்கு வர்றது எனக்கும் வேணும்'னு ஒவ்வொரு ஒலிபெருக்கியும் பேர் குடுத்திருக்கும். அதோ, அந்தப் பெரிய பெட்டி பட்டியல் வெச்சிருக்கு. பட்டியல்ல இருக்கிறவங்க பக்கம் மட்டும் நகல் எடுத்து அனுப்பும்."

"போன்ல குரூப் மாதிரி."

"கிட்டத்தட்ட. ஆனா அதுல யார் பார்த்தாங்கன்னு டிக் வரும். இதுல அனுப்புறவருக்கு ஒன்னுமே தெரியாது. ஆயிரம் பேர் கேட்டாலும் சரி, ஒருத்தரும் கேக்கலன்னாலும் சரி, மைக்ல அதே பச்சை விளக்குதான்."

வெண்கலம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். மைக் அறையில் ஒலிபெருக்கி கிடையாது. வைத்தால் ஊளையிடும். சுவரெல்லாம் பஞ்சு. பத்தொன்பது வருடத்தில் தன் அறிவிப்பை அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

சின்னவள் ஒவ்வொரு கருவியும் கடைசியாக எப்போது உயிர்பெற்றது என்று பார்த்துக்கொண்டே போனாள். பெரிய பெட்டி, நானூற்றுப் பன்னிரண்டு நாள். மைக் மேஜைக் கருவி, நானூற்றுப் பன்னிரண்டு. ஒலிபெருக்கிகளும் அதேதான். அடுக்குக்குக் கீழே தரையில் கிடந்த ஒரு பழைய பெட்டியில் மட்டும் விரல் நின்றது.

ஒன்பது நாள்.

"அத்தான், அந்தக் கதவ சாத்துங்க."

தூசி படிந்த அந்தப் பெட்டியைப் பார்த்தால் எடைக்குப் போடத் தோன்றும். அது செய்வது ஒரே வேலை. நூற்று இருபத்தைந்து விநாடிக்கு ஒருமுறை எல்லோரையும் பார்த்து, "இன்னும் இருக்கீங்களா?" என்று கேட்கும். ஒலிபெருக்கிகள் "இருக்கிறோம்" என்று பதில் சொல்லும். அந்தப் பதிலைக் கேட்டுத்தான் பெரிய பெட்டி பட்டியலில் பேரை வைத்திருக்கும். கேள்வியே வராவிட்டால் ஒலிபெருக்கிகள் வாயைத் திறக்காது. இரண்டு கேள்வி நேரம் தாண்டி மேலும் பத்து விநாடி போனால், "இங்கே யாரும் இல்லை" என்று பெரிய பெட்டி பேர்களை அழித்துவிடும். மொத்தம் நான்கு நிமிடம் இருபது விநாடி.

பெரிய பெட்டியின் பதிவேட்டில் அந்தத் தேதியைத் திறந்தாள். பத்து முப்பத்தைந்துக்குப் பட்டியல் காலி. பத்து ஐம்பத்து மூன்றுக்குப் பிளாட்பாரத்து இருபத்து நான்கு பேரும் திரும்பச் சேர்ந்திருக்கிறார்கள்.

"பத்து முப்பத்தொன்னுக்கு யாரோ இதோட பிளக்கைப் பிடுங்கியிருக்காங்க. திரும்பச் சொருகுறதுக்கு இருபது நிமிஷம் ஆயிருக்கு. நீங்க பேசுனது நடுவுல."

வெண்கலம் கதவில் சாய்ந்துகொண்டார். "அப்ப நான் பேசுனேன்."

"பேசியிருந்தாலும் பிளாட்பாரத்துல கேட்டிருக்காது. அதுவரைக்கும்தான் என்னால சொல்ல முடியும்."

குனிந்து பிளக்கைப் பார்த்தாள். சுவரில் இருந்த ஒரே பெரிய பாயின்ட் அது, தடித்த முனைகள் ஏறும் வகை. பழைய பெட்டியின் மெல்லிய பிளக்குக்கு நடுவில் ஓர் இணைப்பான் போட்டிருந்தார்கள். இதைப் பிடுங்குகிற ஆளுக்கு என்ன கிடைக்கும் என்று அவளுக்குப் புரியவில்லை. மணி மூன்று.

மூன்றரைக்கு விசாரணை அதிகாரியின் மேஜை முன் சின்னவளும் வெண்கலமும் மேலாளரும் உட்கார்ந்தார்கள். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த அதிகாரி, எதையும் பென்சிலால்தான் எழுதுவார்.

"முதல்லயே சொல்லிடறேன் சார்," என்றாள் சின்னவள். "இவர் என் அக்கா வீட்டுக்காரர்."

"தெரியும்மா. அதனாலதான் நீங்க சொல்றதை ரெண்டு தடவ கேக்கப் போறேன். சொல்லுங்க."

சொன்னாள். பட்டியலில் யாரும் இல்லாவிட்டால் எதையும் அனுப்பாதே என்று பெரிய பெட்டியில் அமைத்து வைத்தது தான்தான் என்பதையும், கேள்வி கேட்க இரண்டாவதாக ஒரு பெட்டி வைக்காமல் விட்டதும் தன் தப்புதான் என்பதையும் சேர்த்தே சொன்னாள். அதிகாரி அதை மட்டும் அடிக்கோடிட்டார்.

மேலாளர் நிதானமாகத் தொண்டையைச் செருமினார்.

"பிளாட்பாரத்து ஒலிபெருக்கி வேலை செய்யல, ஒத்துக்கறேன். ஆனா என் ரூம் சுவத்துலயும் ஒன்னு இருக்கு சார். அன்னிக்குப் பத்தரையிலேர்ந்து பதினொன்னு வரைக்கும் நான் ரூம்ல, அதுக்கு நேர் கீழதான் உக்காந்திருந்தேன். எழுதிக் குடுத்திருக்கேன். அதுலயும் சத்தமே வரல."

"அதுவும் செத்துப்போயிருக்கலாமே?" என்றார் அதிகாரி.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தானின் வேலை பிழைத்துவிடும். வெண்கலம் மச்சினியையே பார்த்தார்.

"இல்ல சார்," என்றாள் அவள். "அது வேலை செஞ்சிருக்கும்."

வெண்கலம் கண்ணை மூடிக்கொண்டார்.

"இவர் ரூம் மைக் ரூமுக்கு அடுத்தது. ரெண்டு வயரும் ஒரே சின்னப் பெட்டியில சேருது. கடையில விக்கிற சாதாரண அஞ்சு ஓட்டைப் பெட்டி. அதுக்குக் குழுவும் தெரியாது, பட்டியலும் தெரியாது. எது வந்தாலும் எல்லா ஓட்டையிலயும் கொட்டிடும். அத்தான் பேசியிருந்தா, அன்னிக்கு இந்த ஸ்டேஷன்லயே பேசியிருக்கக்கூடிய ஒரே ஒலிபெருக்கி இவர் தலைக்கு மேல இருக்கிற இருபத்தைஞ்சாவதுதான்."

மேலாளர் கையை விரித்தார். "கேட்டுக்கோங்க சார். அவங்களே சொல்லிட்டாங்க. அது வேலை செஞ்சுது, நான் கீழ இருந்தேன், ஒன்னும் கேக்கல. ஆள் பேசல."

"ஆமா," என்றார் அதிகாரி. பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "வேற ஏதாவது இருக்காம்மா?"

"ஒரு கேள்வி சார். கருவி அறைச் சாவிய அன்னிக்கு யாருக்காவது குடுத்தீங்களா?"

"யாருக்கும் குடுக்கிற வழக்கமே இல்லன்னு சொன்னேனே."

"தொலைச்சீங்களா? மேஜையில வெச்சிட்டுப் போனீங்களா?"

"என்னம்மா பேச்சு இது? பதினாறு வருஷமா என் இடுப்புலதான் இருக்கு."

"கம்பெனி சாவி சீல் வெச்ச கவர்ல இருக்கு. இதோ அதோட பதிவு," என்று ஒரு தாளை அதிகாரி முன் நகர்த்தினாள். "அப்ப பத்து முப்பத்தொன்னுக்கும் ஐம்பத்திரண்டுக்கும் அந்த ரூமுக்குள்ள போக ஒரே ஒருத்தரால முடியும்."

அதிகாரி தாளைப் படித்தார். மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு மேலாளரை மேலிருந்து கீழ்வரை, அவசரமில்லாமல் பார்த்தார்.

"அன்னிக்குப் பதினோரு மணிக்கு மண்டல மேலதிகாரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தாரில்ல?"

"ஆமா சார்."

"நீங்க அவருக்குக் கை குடுக்கிற போட்டோ நோட்டீஸ் போர்டுல பார்த்தேன்."

மேலாளர் சட்டைக் காலரை நீவிவிட்டார். அவர் ரூமுக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே தலை சீவினாலே டிக்கெட் வரிசைக்குத் தெரியும். சின்னவளுக்கு இப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. கூடவே தடித்த முனை பாயின்ட்டும், இடுப்புயர அட்டைப்பெட்டிகளும், நாலாக மடித்த கம்பளியும்.

"உங்க ரூம்ல ஒலிபெருக்கி பேசுச்சா இல்லையான்னு உங்களுக்குத் தெரியாது," என்றார் அதிகாரி. "நீங்க அங்க இல்ல."

"சார், அந்தப் பிளக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு சத்தியமா எனக்கு..." மேலாளர் நிறுத்தினார். "சீட்ல இல்லன்னா கேப்பாங்களேன்னுதான் ரூம்ல இருந்தேன்னு எழுதினேன். அது இவர் தலையில விழும்னு நினைக்கல."

"அந்த இருபது நிமிஷம் உள்ள என்ன பண்ணீங்க?"

மூன்று ஐம்பத்தெட்டுக்கு அதிகாரி உத்தரவுத் தாளைக் கவிழ்த்து வைத்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. மேலாளர் குனிந்து, தன் சட்டையின் கை மடிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இஸ்திரி போட்டேன்."